கோபுரம் இல்லாத விமானத்தளம்: ஓடுபாதைப் பாதுகாப்புக்கும் ரேடியோ பேச்சுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருச்சியிலோ மதுரையிலோ விமானம் இறங்கும்போது, "இறங்கலாம்", "பொறு" என்று சொல்ல கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். உலகத்தின் பெரும்பாலான சிறு தளங்களில் அப்படி ஒருவர் கிடையாது. அமெரிக்காவில் மட்டும் பொதுமக்கள் பயன்படுத்தும் சுமார் 5,000 தளங்கள் உள்ளன. கோபுரம் இருப்பது ஏறக்குறைய 500 தளங்களில்தான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து விமானி உரிமம் வாங்க அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற பிள்ளைகள் முதல் மாதத்திலேயே இப்படி ஒரு தளத்தில் இறங்க வேண்டியிருக்கும். இந்தியாவில் படித்தாலும் பல பயிற்சித் தளங்களில் இதே நிலைதான்.

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று இருப்பது நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கற்பனைத் தளத்தை உருவாக்கிக்கொள்வோம். ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09/27. தரைமட்டம் கடல் மட்டத்திலிருந்து 300 அடி. ஓடுபாதைக்கு இணையான டாக்ஸிவே (விமானம் தரையில் உருண்டு போகும் பாதை) கிடையாது. நம் விமானம் ஒரு செஸ்னா 172, பதிவெண் விடி-கேகேடி. பழைய ஓடுதளத்தின் உண்மையான அளவுகள் இவை அல்ல, பாடத்துக்காக நான் வைத்தவை.

இந்த வழிகாட்டி முழுக்க ஓடுகிற சரடு ஒன்றுதான். ரேடியோவில் சொல்வது தகவல்; அதனால் ஓடுபாதை உங்களுடையது ஆகிவிடாது. யாரும் பேசவில்லை என்பதால் ஓடுபாதை காலி என்றும் ஆகிவிடாது.

கிளம்புவதற்கு முன்

தளத்தைப் பற்றிய பக்கத்தை எடுத்துப் படியுங்கள். ஓடுபாதை எண், நீளம், தரைமட்டம், சர்க்யூட் (இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் செவ்வகப் பாதை) எந்தப் பக்கம், அலைவரிசை எது, நோட்டம் (NOTAM, விமானிகளுக்கான தற்காலிக அறிவிப்பு) ஏதாவது உண்டா. ஓடுபாதை எண் என்பது காந்தத் திசையின் பத்தில் ஒரு பங்கு: 09 என்றால் 90 பாகை, கிழக்கு நோக்கி ஓடுவது, 27 என்றால் மேற்கு நோக்கி.

அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கோபுரமில்லாத தளங்களுக்கு 122.7, 122.8, 123.0 மெகாஹெர்ட்ஸ் போன்றவை பொதுவாக ஒதுக்கப்பட்டிருக்கும். எதுவும் ஒதுக்காத இடத்தில் 122.9. ஆஸ்திரேலியாவில் தனியாகக் குறிப்பிடப்படாத தளத்துக்கு 126.7. இந்தியாவில் அந்தந்தத் தளத்துக்கு வெளியிடப்பட்டதைப் பார்க்க வேண்டும். அதோடு தளத்தை நடத்துபவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. "அண்ணே, இன்னிக்கு எந்தப் பக்கம் இறங்குறாங்க? ஓடுபாதையில வேலை ஏதும் நடக்குதா?" என்ற இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதிக் கவலை தீரும். நம் நாட்டில் பறப்பதற்கு வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும், விமானத் தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண்ணும் தேவை. அவை கையில் இல்லாமல் இன்ஜினைத் தொடாதீர்கள்.

காற்றை ஊரிலிருந்தே ஊகிக்கலாம். ஆடியில் அம்மியையே பறக்கவைக்கும் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். அப்போது 27-தான் ஓடுபாதை. கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குக் காற்று, 09. ஊகம் ஊகம்தான், போய்ச் சேர்ந்ததும் காற்றுப்பையைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பொதுவாகப் புழக்கத்தில் உள்ள காற்றுப்பை 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்றில் முழுதாக நீண்டு நிற்கும். பாதி தொங்கினால் காற்று அதைவிடக் குறைவு. 27-இல் மாலை இறங்கினால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். எதிரே நிற்கும் விமானம் கடைசி நேரம் வரை தெரியாது.

ரேடியோவைப் புரிந்துகொள்வது

விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏஎம் முறையில் இயங்குகிறது. நம் வீட்டு எஃப்எம் பெட்டியில் இரண்டு நிலையங்கள் மோதினால் வலுவானது மட்டும் கேட்கும், மற்றது காணாமல் போகும். ஏஎம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் கேட்பவருக்கு ஒரு கீச்சொலி வரும். யாரோ இருவர் மோதிக்கொண்டார்கள் என்று தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், பேசிய இருவருக்கும் அது தெரியாது. பேசும்போது அவர்களுடைய ரேடியோவில் வேறு எதுவும் கேட்காது. ஆகவே கீச்சொலி கேட்ட மூன்றாமவர் "பிளாக்ட்" (பேச்சு தடைபட்டது) என்று ஒரு சொல் சொல்வது பெரிய உதவி.

இந்த அலை நேர்கோட்டில் போகும். 1,000 அடி உயரத்தில் சுமார் 39 கடல் மைல் தொலைவுக்கு எட்டும், 3,000 அடியில் 67 கடல் மைல், அதாவது 120 கிலோமீட்டருக்கும் மேல். இதில் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, மேலே பறப்பவர் பேசுவது பல ஊர்த் தளங்களில் கேட்கும். எந்தத் தளத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலிலும் கடைசியிலும் சொல்லும் அமெரிக்க வழக்கம் இதனால் வந்தது. அங்கே ஒரே அலைவரிசையைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்கின்றன. முதல் சொல்லைத் தவறவிட்டவர் கடைசிச் சொல்லிலாவது பிடித்துக்கொள்வார். இன்னொன்று, தரையில் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும் விமானத்தின் பேச்சு பக்கத்திலேயே எட்டாமல் போகலாம். ஓடுபாதையின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாத மேட்டுத் தளங்களில் இதை மறக்கவே கூடாது.

பேசுவதற்கென்றே தனியாக உரிமம் உண்டு. இந்தியாவில் ஆர்டிஆர் தேர்வு எழுத வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில். நம்மூர்ப் பிள்ளைகள் இருவர் ஒரே சர்க்யூட்டில் பறக்கும்போது "டேய், நான் உனக்குப் பின்னாடி வரேன்" என்று சொல்லிக்கொள்வது எளிதாகத்தான் இருக்கும். மூன்றாவதாக வரும் பஞ்சாப்காரருக்கு அது வெறும் சத்தம். வேண்டாம்.

பேச்சின் வடிவம்

யாருக்கு ("டிராஃபிக்" என்றால் அந்தத் தளத்தைச் சுற்றியுள்ள எல்லா விமானங்களுக்கும்), யார், எங்கே, எவ்வளவு உயரம், என்ன செய்யப்போகிறேன், மறுபடி எந்தத் தளம். இந்த வரிசை வாயில் பழகிவிட வேண்டும்:

"செட்டிநாடு டிராஃபிக், விக்டர் டேங்கோ கிலோ கிலோ டெல்டா, செஸ்னா ஒன் செவன் டூ, ஒன் சீரோ மைல்ஸ் நார்த், டூ தௌசண்ட் ஃபீட், இன்பௌண்ட் ஃபார் லேண்டிங், செட்டிநாடு."

பட்டனை அழுத்துவதற்கு முன் இதை மனதில் ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். அழுத்தியபின் அரை நொடி விட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். அதற்கும் முன்னால், அலைவரிசைக்கு மாறியதும் சற்று நேரம் சும்மா கேளுங்கள். மாறிய அந்த நொடியே பேச ஆரம்பிப்பவர்தான் மற்றவர் பேச்சின் மேல் ஏறி மிதிப்பவர்.

இடம் சொல்வதில்தான் உள்ளூர்க்காரர்கள் சறுக்குவார்கள். "திருமயம் கோட்டைக்கு மேலே வர்றேன்" என்பது நமக்குத் துல்லியமான தகவல். டில்லியிலிருந்து முதல்முறை வரும் விமானிக்குத் திருமயம் எங்கே என்று தெரியாது. மேலிருந்து பார்த்தால் செட்டிநாட்டு ஊர்கள் எல்லாம் நேர் தெருவும் ஓட்டுக் கூரையும் ஊருணியுமாக ஒரே மாதிரி இருக்கும். கானாடுகாத்தானா பள்ளத்தூரா என்று நமக்கே குழம்பும். ஆகவே தளத்திலிருந்து எந்தத் திசை, எத்தனை மைல் என்றே சொல்லுங்கள். மைல் என்றால் கடல் மைல், 1.852 கிலோமீட்டர்.

இன்னொரு வழக்கம் ஒழிய வேண்டும். "எனி டிராஃபிக் இன் தி ஏரியா, ப்ளீஸ் அட்வைஸ்" என்று சொல்வது. அங்கே இருக்கும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லக் கிளம்பி, கீச்சொலிதான் மிஞ்சும். அமெரிக்க விமானத்துறை இந்தச் சொற்றொடரைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். அதனால் பாதிக்கப்படுபவர் தானாகப் பேசுவார்.

தரையிலிருந்து பயிற்சிப் பள்ளிக்காரர் யாராவது காற்று விவரமும் மற்ற விமானங்களின் விவரமும் சொல்லக்கூடும். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அது அனுமதி அல்ல. "ஓடுபாதை காலி" என்று அவர் சொன்னாலும் கண்ணால் பார்ப்பது உங்கள் வேலை.

தரையில்

டாக்ஸி தொடங்குமுன், அதாவது தரையில் உருளத் தொடங்குமுன், ஒரு அறிவிப்பு: எங்கிருந்து, எந்த ஓடுபாதைக்கு. ஓடுபாதையின் விளிம்புக்கு முன் நின்று, இன்ஜின் சோதனைகளை அங்கேயே முடியுங்கள். பிறகு விமானத்தைச் சற்றுத் திருப்பி, இறங்கும் பாதை முழுவதும் கண்ணில் படும்படி பாருங்கள். இரண்டு முனைகளையும் பாருங்கள். எல்லாரும் 27-ஐப் பயன்படுத்தும்போது ஒருவர் மட்டும் 09-இல் இறங்கி வர வாய்ப்பு உண்டு. தடுக்க ஆள் இல்லை.

இதில் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புவது 1996 நவம்பர் 19 மாலை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் குவின்சி தளத்தில் நடந்தது. கோபுரம் இல்லாத தளம், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் ஓடுபாதைகள். 12 பேருடன் ஒரு பீச்கிராஃப்ட் 1900 பயணிகள் விமானம் ஓடுபாதை 13-இல் இறங்க வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அறிவித்துக்கொண்டே வந்தது. ஓடுபாதை 04-இன் முனையில் ஒரு கிங் ஏர் விமானம் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு சிறிய செரோக்கி விமானம். இறங்கி வரும் விமானி, கிங் ஏர் கிளம்பப்போகிறதா, நிற்கப்போகிறதா என்று கேட்டார். பதில் சொன்னது செரோக்கி. அந்தப் பதிலின் ஒரு பகுதி, இறங்கி வந்த விமானத்தின் உள்ளேயே ஒலித்த உயர எச்சரிக்கைக் குரலில் அமுங்கிவிட்டது. கிங் ஏர்தான் நிற்கிறேன் என்று சொல்கிறது என அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கிங் ஏர் எதையும் அறிவிக்காமல் ஓடத் தொடங்கியது. இரண்டும் ஓடுபாதைகள் சந்திக்கும் இடத்தில் மோதின; இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். அலைவரிசையைக் கவனிக்காததும், ஓடுபாதையைப் பார்க்காததும் கிங் ஏர் விமானிகளின் தவறு என்று விசாரணை முடிவு சொன்னது. செரோக்கியின் இடைவெட்டுப்பட்ட பதிலும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது.

இதிலிருந்து மூன்று வேலைகளைப் பிடித்துக்கொள்ளலாம். பதிலில் விமானத்தின் பெயரோ பதிவெண்ணோ தெளிவாக இல்லையென்றால் அதைப் பதிலாகவே கணக்கில் எடுக்காதீர்கள், "கிங் ஏர், கன்ஃபர்ம் ஹோல்டிங்?" என்று மறுபடி கேளுங்கள். உங்களைக் கேட்காத கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். பதில் தெளிவாக வராவிட்டால் இறங்காதீர்கள். மேலே போய் இன்னொரு சுற்று வாருங்கள். எரிபொருள் கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.

அடுத்தது பேக்டிராக். டாக்ஸிவே இல்லாத தளத்தில் ஓடுபாதையிலேயே எதிர்த்திசையில் உருட்டிக்கொண்டு போய், முனையில் திரும்ப வேண்டும். நம் கற்பனைத் தளத்தில் விமானம் நிறுத்துமிடம் கிழக்கு முனையில் இருந்து, 09-இல் கிளம்ப வேண்டியிருந்தால், முழு ஓடுபாதையையும் மேற்கு நோக்கி உருட்டிக் கடக்க வேண்டும். நான்கைந்து நிமிடம் ஓடுபாதை உங்களால் அடைபட்டிருக்கும். நுழையும்போது சொல்லுங்கள், நடுவில் ஒரு முறை சொல்லுங்கள், திரும்பியதும் சொல்லுங்கள்:

"செட்டிநாடு டிராஃபிக், கிலோ கிலோ டெல்டா, என்டரிங் அண்ட் பேக்டிராக்கிங் ரன்வே சீரோ நைனர், செட்டிநாடு."

யாராவது ஐந்து மைலுக்குள் வந்துவிட்டதாகச் சொன்னால் நுழையவே வேண்டாம். 120 நாட் வேகத்தில் வருபவர் நிமிடத்துக்கு இரண்டு மைல் கடப்பார். ஐந்து மைல் என்றால் இரண்டரை நிமிடம்; நீங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் உருண்டுகொண்டிருப்பீர்கள். முனையில் திரும்பியதும் நேராக்கி உடனே கிளம்புங்கள். ஓடுபாதையில் நின்றுகொண்டு வரைபடத்தை மடிக்கிற பழக்கம் கூடாது, உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சர்க்யூட்

வேறு குறிப்பு இல்லையென்றால் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம், தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில். நம் தளத்தின் தரைமட்டம் 300 அடி என்பதால், கியூஎன்ஹெச் (கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) வைத்த உயரமானியில் 1,300 காட்ட வேண்டும். பக்கத்துத் தளத்தின் கியூஎன்ஹெச்சை வாங்கி எல்லாரும் அதையே வைக்காவிட்டால், ஒரே உயரம் என்று சொல்லிக்கொள்ளும் இருவர் வேறு வேறு உயரத்தில் இருப்பார்கள். அதைவிடக் கெட்டது, வேறு உயரம் என்று நினைத்துக்கொண்டு ஒரே உயரத்தில் இருப்பது.

ஆடி மாதம், 27 என்று வைப்போம். மேற்கு நோக்கிக் கிளம்பி, இடப்பக்கம் திரும்பினால் தெற்கு. ஆக சர்க்யூட் முழுவதும் தளத்துக்குத் தெற்கே. தெற்குப் பக்கம் கிழக்கு நோக்கிப் போவது டவுன்விண்ட், அங்கிருந்து வடக்கே திரும்புவது பேஸ், மறுபடி மேற்கே திரும்பினால் ஃபைனல், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிப் பகுதி. மூன்றிலும் திரும்பும்போதே அறிவியுங்கள். திரும்பும்போது சாயும் இறக்கைதான் மற்றவர் கண்ணில் எளிதில் படும். காதில் கேட்டதும் அவர் தலையைத் திருப்பினால் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார். (கீழே வரும் "ஃபுல் ஸ்டாப்" என்பதற்கு, இறங்கி நின்றுவிடப்போகிறேன் என்று பொருள்.)

"செட்டிநாடு டிராஃபிக், கிலோ கிலோ டெல்டா, டர்னிங் லெஃப்ட் பேஸ், ரன்வே டூ செவன், ஃபுல் ஸ்டாப், செட்டிநாடு."

வெளியிலிருந்து வந்து சேர்வது

10 மைலில் முதல் அறிவிப்பு. 90 நாட்டில் வரும் செஸ்னாவுக்கு அதற்குப்பின் ஏழு நிமிடம்கூட இல்லை. வடக்கே புதுக்கோட்டைப் பக்கமிருந்து வருகிறோம், சர்க்யூட்டோ தெற்கே. அப்படியானால் சர்க்யூட் உயரத்துக்குமேல் குறைந்தது 500 அடி விட்டு, அதாவது 1,800 அடிக்குக் குறையாமல், தளத்தின் நடுவைக் குறுக்கே கடந்து தெற்கே போக வேண்டும். கடக்கும்போதே காற்றுப்பையையும் ஓடுபாதையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். டவுன்விண்ட் பாதையைத் தாண்டி இரண்டு மைல் போனபின் இறங்கித் திரும்பி, டவுன்விண்டின் நடுப்பகுதிக்கு 45 பாகைச் சாய்வில் வந்து சேருங்கள். சர்க்யூட்டுக்கு நேர் மேலிருந்து அதற்குள் இறங்காதீர்கள். உங்கள் வயிற்றுக்குக் கீழே இருப்பவரை நீங்கள் பார்க்க முடியாது, தலைக்குமேல் இறக்கை உள்ள செஸ்னாக்காரர் உங்களைப் பார்க்க முடியாது.

நேராக ஃபைனலுக்கே வரும் ஸ்ட்ரெய்ட்-இன் முறைக்குத் தடை இல்லை. ஆனால் சர்க்யூட்டில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாதபோது மட்டுமே அது சரி. 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் தளத்தில், சர்க்யூட்டில் தனியாகப் பறந்துகொண்டிருந்த ஒரு செஸ்னா 152-ம், நேராக வந்த இரட்டை இன்ஜின் செஸ்னா 340-ம் ஃபைனலில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். கவனியுங்கள், இருவரும் அறிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரிய விமானம் அந்த இடத்துக்குப் பொருந்தாத வேகத்தில் வந்தது. சிறிய விமானத்தின் விமானி, பின்னால் வேகமாக வருகிறீர்கள், நான் மேலே போய்விடுகிறேன் என்று சொன்னதற்கு அடுத்த சில நொடிகளில் மோதல். காதால் கேட்ட நிலையைக் கண்ணால் கண்டுபிடிக்காதவரை அந்த விமானம் உங்களுக்கு "எங்கோ" இருக்கிறது என்றுதான் பொருள். எங்கோ இருப்பதை நம்பி பேஸ் திரும்பக் கூடாது.

ஃபைனலில் இருவர் இருந்தால் கீழே இருப்பவருக்கு முன்னுரிமை. அதற்காக முன்னால் வெட்டி நுழைவதற்கு அந்த விதியைச் சாக்காக்க முடியாது என்றும் அதே விதியில் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் துண்டு போட்டு இடம்பிடிக்கிற வேலை இங்கே செல்லாது.

இறங்கியதும், விமானத்தின் வால் பகுதியும் ஓடுபாதை எல்லையைத் தாண்டியபின் "கிளியர் ஆஃப் ரன்வே டூ செவன்" என்று சொல்லுங்கள். பின்னால் வருபவர் இதற்காகத்தான் காத்திருப்பார்.

ஆடு, மாடு, மயில், ட்ரோன்

நம் பக்கத்தில் ரேடியோ இல்லாத போக்குவரத்து இதுதான். வேலி அறுந்த தளத்தில் காலை பத்து மணிக்குள் ஆடு மேய்க்க வந்துவிடுவார்கள். மயில் எப்போது எந்தப் பக்கம் கிளம்பும் என்று மயிலுக்கே தெரியாது. 2014 நவம்பர் 6 அன்று சூரத்தில் கிளம்ப ஓடிய ஒரு போயிங் 737 எருமையின்மேல் மோதியது. அது கோபுரம் உள்ள தளம். ஆளில்லாத தளத்துக்குப் போகும்போது முதலில் ஓடுபாதைக்கு இணையாகத் தாழ்வாக ஒரு முறை பறந்து பாருங்கள். கீழே தெரிந்தவர் யாராவது இருந்தால், நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு பைக்கில் ஒரு நடை ஓட்டிப் பார்த்து, விலகி நின்று சொல்லச் சொல்லுங்கள். ஆடு மேய்க்கிற அண்ணனிடம் முன்கூட்டியே முகம் பழகிக்கொள்வது எந்த வேலியையும்விடப் பலன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

கல்யாண வீட்டு ட்ரோன்கள் இப்போது அதிகம். செட்டிநாட்டு அரண்மனை வீடுகளில் படப்பிடிப்பு இல்லாத மாதம் இல்லை. தளத்துக்குப் பக்கத்தில் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் இடத்தையும் உயரத்தையும் அலைவரிசையில் அறிவித்துவிடுங்கள்.

ரேடியோ செத்துப்போனால்

முதலில் சத்தம் குறைந்திருக்கிறதா, ஹெட்செட் பிளக் கழன்றிருக்கிறதா, அலைவரிசை எண்ணில் ஒரு இலக்கம் தவறா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். மைக் பட்டன் அழுந்தியபடி சிக்கியிருந்தால் இன்னும் மோசம்: உங்களால் மொத்த அலைவரிசையும் அடைபடும். திடீரென்று எல்லாரும் அமைதியாகிவிட்டால் முதலில் உங்கள் பட்டனைச் சந்தேகப்படுங்கள். உண்மையிலேயே பழுது என்றால், ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7600 வையுங்கள், விளக்குகள் எல்லாவற்றையும் போடுங்கள், வழக்கமான சர்க்யூட்டை அப்படியே பறந்து இறங்குங்கள். ரேடியோவே இல்லாத பழைய விமானங்களும் இப்படித்தான் வரும் என்பதால், பேசாத விமானம் ஒன்று எப்போதும் இருக்கிறது என்ற கணக்கில் பாருங்கள். ஆபத்து என்றால் 7700, அலைவரிசை 121.5. உங்களைச் சுற்றி இருப்பவர்கள் தள அலைவரிசையில்தான் இருப்பார்கள் என்பதால், சர்க்யூட்டுக்குள் இன்ஜின் நின்றால் அங்கேயே முதலில் சொல்லுங்கள்.

வீட்டிலேயே பழகுவது

விமான மணிநேரம் விலை அதிகம். வீட்டு வளவு, அதாவது உள்முற்றப் பகுதி, இலவசம். நடு வளவின் நீளத்துக்குக் கோலமாவில் ஒரு ஓடுபாதை போட்டு, இரு முனைகளிலும் 09, 27 எழுதுங்கள். ஆச்சி சத்தம் போட்டால் சாயங்காலம் கழுவிவிடுவதாகச் சொல்லிக்கொள்ளலாம். தூண்களைச் சுற்றிய தாழ்வாரம்தான் சர்க்யூட். இரண்டு பேர் நடந்தபடி ஒவ்வொரு திருப்பத்திலும் முழு அறிவிப்பையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மூன்றாமவர் பட்டாலையிலிருந்து திடீரென்று "டென் மைல்ஸ் நார்த்" என்று நுழையட்டும். நான்காவதாக ஒருவரை முகப்பில் வளவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்துக் காகிதமும் பேனாவும் கொடுங்கள். காதில் விழுவதை மட்டும் வைத்து, யார் எங்கே இருக்கிறார் என்று அவர் குறித்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் "நில்லுங்க" என்று சொல்லி, அவருடைய காகிதத்தையும் நீங்கள் நிற்கும் இடத்தையும் ஒப்பிடுங்கள். புள்ளி தவறாக இருந்தால், எந்த அறிவிப்பில் திசை விட்டுப்போனது, எதில் ஓடுபாதை எண் விழுங்கப்பட்டது என்று தேடி, அந்த ஒரு அறிவிப்பை மட்டும் திருத்திவிட்டு மறுபடி நடக்கலாம்.